நெருப்புக்குத் தப்பிய கதவு

ஒன்பதாம் அத்தியாயம்

வெளியே சங்கிலி விழுகிற சத்தம் கேட்டதும் நான் முதலில் சிரித்தேன். வாவிக் காற்று கதவைச் சாத்திவிட்டது என்று நினைத்தேன். காற்று கதவைச் சாத்தும். ஆனால் சங்கிலியை எடுத்து வளையத்தில் மாட்டி, அதற்குள் ஒரு மரமுளையையும் செருகாது என்பது எனக்குச் சற்றுப் பிந்தித்தான் உறைத்தது.

"ஐயா, நம்மள உள்ளுக்கு வச்சுப் பூட்டிட்டான்!"

கதிர்காமத்தம்பி ஐயா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பூட்டினவனக் கண்டியா றவூப்?"

"இல்ல."

"அப்ப கதவு பூட்டிக் கிடக்கு எண்டு மட்டும் சொல்லு. அவ்வளவுதான் நமக்குத் தெரியும்."

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் நான் வேலை பார்க்கிறேன். மட்டக்களப்புப் பட்டினத்தில் துப்புத் துலக்குபவர் என்று வாசலில் பலகை மாட்டியிருக்கும் ஒரே ஆள் அவர். முன்பு ஒரு புறக்டர் வக்கீலிடம் கிளாக்கராக இருந்தவர். வேட்டி, அல்பகா கோட்டு, கறுப்புக் குடை. அந்தக் குடையை மழைக்கு விரித்து நான் கண்டதே இல்லை; தட்டிப் பார்க்கவும் சுட்டிக் காட்டவும் என் முதுகில் குத்தவும் மட்டுமே அது பயன்பட்டது. நான் காத்தான்குடி றவூப். என் காலுக்குத்தான் தான் சம்பளம் தருவதாகவும், நாக்கு இலவசமாகக் கூட வந்ததாகவும் ஐயா எல்லோரிடமும் சொல்வார்.

கதையை நடுவில் கையில் எடுத்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் வேறு வேலை இல்லை, உள்ளேதானே கிடக்கிறோம்.

மண்டூருக்கு அங்கால் வாவிக்கரையில் கோரைத்துறை என்று ஒரு மீன்பிடிக் குடியிருப்பு. மண்சுவர், கிடுகுக் கூரை, மழை வந்தால் வீட்டுக்குள் குளம். இந்தக் குடிசைகளையெல்லாம் அகற்றிவிட்டு, ஓடு போட்ட கல்வீடுகள் கட்டிக் கொடுக்க வல்லிபுரப் போடியார் தலைமையில் ஒரு தருமசபை கூடியது. கரை அவருடைய நிலம். மனமும் நல்ல மனம். ஆனால் கல்வீடு தண்ணீரை விட்டுத் தள்ளி வரும், தோணியை எங்கே கட்டுவது என்று கேட்டுக் குடியிருப்பே முறுக்கிக்கொண்டு நின்றது. எல்லோரிலும் பெரிதாகச் சத்தம் போட்டவன் கோணாமலை. கொடை கொடுக்கிறவர்களும், வேண்டாமென்கிறவனுக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று கையை மடக்கிக்கொண்டார்கள்.

போன வருஷம் மண்டூர்த் திருவிழா அன்று, சனமெல்லாம் கோவிலுக்குப் போயிருந்த நேரம், கோரைத்துறை பற்றி எரிந்தது. தருமசபை கொண்டுவந்து அடுக்கியிருந்த மரத்தில்தான் முதலில் தீப் பிடித்ததாம். ஒரு குடிசை மிஞ்சவில்லை. உயிர்ச் சேதம் இல்லாதது ஆண்டவன் கிருபை. சாம்பலைக் கண்ட பிறகு மடக்கிய கைகளெல்லாம் விரிந்தன. ஏறாவூரிலிருந்து மீராசாஹிப் முதலாளி தோணி தோணியாக ஓடு அனுப்பினார். ஒரு கொட்டைப்பாக்கைக்கூட எனக்கு மனதாரத் தராத என் மனைவியின் தாய் ஸைனம்பு மாமி, நல்ல பாய்களாகப் பார்த்துக் கட்டிக் கொடுத்தார். ஒரு வருஷத்துக்குள் வரிசையாக வீடுகள் எழும்பிவிட்டன.

தீ வைத்தவன் கோணாமலை என்றது ஒரே ஒரு சாட்சி. அந்தச் சாட்சி, தருமசபையின் கட்டட வேலைகளுக்குப் பொறுப்பான வினாயகமூர்த்தி. அவனும் கோரைத்துறையில் பெண் எடுத்து, மனைவியின் குடிசையில் குடியிருந்தவன்தான். தீயைக் கண்டு ஓடிவந்தானாம். எரிகிற வீட்டுக்குள் பாய்ந்து, மனைவியின் தாய்வழி வந்த முதிரை மரத்துக் கதவைத் தோளால் இடித்துப் பிடுங்கி முதுகில் போட்டுக்கொண்டு வெளியே வந்தானாம். வரும்போது, கையில் எரிகிற சூளோடு, ஓலைப் பந்தத்தோடு, கோணாமலை ஓடுவதைக் கண்டானாம். இந்த வீரத்துக்காகப் போடியார் சபையில் அவனுக்குச் சால்வை போர்த்தினார். தீயில் பாய்ந்தவன் பொய் சொல்வானா என்று எல்லோரும் கேட்டார்கள். கோணாமலை இப்போது பட்டினத்து மறியலில், சிறைக்குள் இருக்கிறான். நாளைக்குக் கோட்டில் வழக்கு.

அது நாளைக்கு. இன்றைக்கு வேறொன்று இருந்தது. தீ வைத்தவன் குடும்பத்துக்குத் தருமவீடு இல்லை என்று சபை முடிவெடுத்துவிட்டது. கோணாமலையின் மனைவி கண்ணகை, தன் தாயும் தாயின் தாயும் இருந்த இடத்தில் எழும்பிய வீட்டை எட்ட நின்று பார்த்துக்கொண்டு, இரண்டு பெண்பிள்ளைகளோடு ஒரு பூவரசமரத்தின் கீழ் பாய்ச்சீலையைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். அந்த வீட்டின் சாவி இன்று பிற்பகல் போடியாரின் கையால் வேறொருத்திக்குப் போகிறது. சாவி போய்விட்டால் வீடு போனதுதான். வழக்கில் வென்றாலும் திரும்பாது.

வினாயகமூர்த்தி அன்று கோவிலில் நின்றானா என்று அவனுடைய மனைவி அன்னப்பூரணியிடம் கேட்கத்தான் நாங்கள் இந்த வீட்டுக்கு வந்தோம். அவள் "உள்ளுக்கு வந்து இரிங்க ஐயா" என்றாள். இருந்தோம். அவள் ஏதோ வேலையாக வெளியே போனாள். பிறகு சங்கிலி விழுந்தது.

"அவன்தான் ஐயா. பெண்டாட்டியக் கேட்க வந்திட்டம் எண்டு தெரிஞ்சு பூட்டிட்டான். சாவி குடுத்து முடிஞ்ச பிறகு மெல்ல வந்து திறப்பான். ஆ, ஐயாவா, நான் ஆடு எண்டு நினைச்சன் எண்டு சொல்லுவான்."

"ஜன்னலால எட்டிப் பார். பந்தல் தெரியுதா?"

தெரிந்தது. பெருவிரல் அளவு தடித்த இரும்புக் கம்பிகளுக்கு அங்கால், பூவரசு தாண்டி வெள்ளை கட்டிய பந்தல். மேளம் பிளந்துகொண்டிருந்தது. போடியாருக்குப் பக்கத்து வாங்குப் பலகையில் வினாயகமூர்த்தி அந்தச் சால்வையோடு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தான்.

"இரிக்கான் ஐயா. நாம வரக்குள்ளயும் அங்கதான் இருந்தான். சால்வ வேர்வையில ஒட்டிப் போயிருக்கும்."

"எழும்பிப் போனவன்போலத் தெரியுதா?"

"போடியார்ர பக்கத்து இடத்த விட்டு எழும்புவானா? எழும்பினா வேற ஆள் இருந்திடுவான்."

ஐயா "ம்" என்றார். அந்த "ம்"மை நான் அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை. கம்பிகளைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினேன். மேளக்காரன் எனக்குப் பக்கவாத்தியம் வாசிப்பவன்போல இன்னும் ஓங்கி அடித்தான். ஒரு வெடியும் போட்டார்கள்.

கல்வீடு குளிரும் என்று சபைக்காரர்கள் சொன்னது சுத்தப் பொய். பூச்சு காயாத சுண்ணாம்பு மணமும், அசையாத காற்றும், ஓட்டிலிருந்து இறங்கும் சூடும் சேர்ந்து மூச்சை அடைத்தன. சுவர் புதுச் செங்கல். கூரை எட்டாது, ஐயாவின் தோளில் ஏறி நின்று பார்த்தேன், அப்போதும் எட்டவில்லை. இறங்கும்போது அவருடைய கோட்டில் என் பாதம் அச்சாகப் பதிந்திருந்தது. அதை நான் சொல்லவில்லை.

எனக்கு அடைபட்டுக் கிடப்பது ஆகாது. உள்ளபடி சொன்னால் பயமாக இருந்தது. கண்ணகை அந்தப் பூவரசின் கீழ் எங்களை நம்பிக்கொண்டு நிற்பாள் என்ற நினைப்பில் மறுபடியும் கம்பியை ஆட்டிப் பார்த்தேன். எங்களுக்குச் சம்பளமாக அவள் கொண்டுவந்தது ஒரு கோர்வை கருவாடு. அது ஐயாவின் வீட்டுக் கூரையில் இன்னும் தொங்குகிறது.

"றவூப், இந்த வீட்டுக்குள்ள என்ன கிடக்கு எண்டு சொல்லு."

"ஒண்ணும் இல்ல. வெறும் வீடு."

"கண்ணத் திறந்து சொல்லு."

சொன்னேன். ஒரு பாய் விரித்திருந்தது. குடத்தில் தண்ணீர், அதன்மேல் கவிழ்த்த இரண்டு செம்பு. வட்டாவில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு. மூலையில் சாய்த்து வைத்த ஓர் அலவாங்கு, நல்ல இரும்புக் கடப்பாரை.

"அலவாங்கு!" என்று பாய்ந்தேன். "யா அல்லாஹ், இத முதல்ல சொல்லக் கூடாதா? நம்மளப் பூட்டினவன் மடையன் ஐயா. பூட்டிட்டு உடைக்கிற ஆயுதத்தையும் உள்ள வச்சிட்டுப் போயிரிக்கான்."

"தண்ணியும் வச்சிரிக்கு. வெத்திலையும் வச்சிரிக்கு. செம்பு ரெண்டு, நாமளும் ரெண்டு பேர்."

"கலியாண வீட்டு மரியாதைதான். மாப்பிள்ளைய மட்டும் காணல்ல."

அலவாங்கை எடுத்துக்கொண்டு கதவுக்குப் போனேன். கோரைத்துறையில் இந்தக் கதவைத் தெரியாதவர்கள் இல்லை. அன்னப்பூரணியின் பாட்டியின் தாய்க்குச் சீதனமாக வந்து, அதிலிருந்து மகள் மகளாக இறங்கிய கதவு. வீடு நான்கு முறை மண்ணானாலும் கதவு மட்டும் புது மண்சுவருக்கு மாறிக்கொண்டே இருந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். தமிழருக்கும் அப்படி, எங்கள் முஸ்லிம் சோனகருக்கும் அப்படி. ஆண்பிள்ளை ஒரு துணிமூட்டையோடு மனைவி வீட்டுக்குப் போவான். அக்கா தங்கைக்கு வீடு கட்டக் காலமெல்லாம் உழைப்பான். தனக்கென்று ஒரு வாசற்படி இருக்காது. நானும் அப்படித்தான். என் மனைவி றமீஸா கதவைச் சாத்தினால் எனக்கு வீடு என்று ஒன்று இந்த உலகத்தில் கிடையாது.

வெளிப்பக்கத்தில் அந்தக் கதவின் பலகை கருகியிருந்தது. வீரத்தின் அடையாளம் என்று அதற்கு வர்ணம்கூடப் பூசாமல் விட்டிருந்தார்கள்; வருகிறவர்கள் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள். உள்பக்கம் முதிரை அப்படியே எண்ணெய் மினுக்கத்தோடு இருந்தது.

பலகையில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். அலவாங்கு துள்ளி என் முழங்காலுக்கே வந்தது. நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

"உடைக்கேலா. முதிரை" என்றார் ஐயா. "கழட்டிப் பார்."

கழற்றலாம் என்றுதான் நானும் நினைத்தேன். கதவின் கீலை, பிணைச்சலைத் தேடினேன். பிணைச்சல் இல்லை. பழைய காலத்துக் குடுமிக் கதவு அது. பலகையின் மேலும் கீழும் அதே மரத்தில் கடைந்த குடுமிகள். மேற்குடுமி நிலையின் மேல்மரத்துக் குழிக்குள்ளும், கீழ்க்குடுமி படிமரத்துக் குழிக்குள்ளும் இருந்து சுழலும். அலவாங்கைக் கீழே கொடுத்து நெம்பினேன். ஐயாவும் கோட்டைக் கழற்றிவிட்டு வந்து பிடித்தார். கதவு ஒரு நெல்லளவு எழும்பி மேலே முட்டி நின்றது. பக்கவாட்டில் நெம்பினோம். தோளால் இடித்தோம். என் தோள் நொந்தது, கதவு நோகவில்லை. குடையைச் செருகிப் பார்த்தோம், குடை முறிந்தது.

"இனி மழை பெஞ்சா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். அவர் முறிந்த குடையால் மேற்குடுமியைத் தொட்டுக்கொண்டு நின்றார்.

"றவூப், இதக் கழட்ட என்ன செய்யோணும்?"

"மேல்மரத்த எடுக்கோணும் ஐயா. அத எடுக்க, அதுக்கு மேல இரிக்கிற சுவர இறக்கோணும். ஒரு ஆசாரி வேணும், ரெண்டு கையாள் வேணும். பொறுமையும் வேணும்."

"இடிச்சுப் பிடுங்கினா?"

"பிடுங்கேலா. இப்ப கண்டமே. பெரிய பலசாலி வந்து பிடுங்கினாலும் குடுமி முறிஞ்சுதான் வரும்."

"இந்தக் குடுமி முறிஞ்சா கிடக்கு?"

குனிந்து பார்த்தேன். நிமிர்ந்தும் பார்த்தேன். மேலும் கீழும் பழைய எண்ணெய் ஊறிக் கறுத்த, முழுசான குடுமிகள். ஒரு சிராய்ப்பு இல்லை. ஒரு கருகல் இல்லை.

அந்த நேரம் பார்த்து மேளம் நின்றது. போடியார் தொண்டையைச் செருமுவதுகூடக் கேட்டது. "ஐயா, இப்ப கத்தினாக் கேட்கும்!" என்று ஜன்னலுக்குப் பாய்ந்தேன். ஐயா பின்னால் வந்து என் வாயைப் பொத்தினார்.

"கத்தாத. கத்தினா வினாயகமூர்த்திதான் முதல் ஆளா ஓடி வந்து திறப்பான். உன்னையப் பூட்டினது ஆர் எண்டும் கேப்பான்."

பொத்திய கைக்குள் "ஆர்?" என்று கேட்டேன்.

"முதல்ல கதவு. மறுகா ஆள்." பாயில் உட்கார்ந்து நிதானமாக ஒரு வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவினார். எனக்குப் பொறுமை போய்விட்டது. "ரெண்டு ஆம்பிளை. கையில அலவாங்கு. நெருப்பு இல்ல, புகை இல்ல. நம்மளால இந்தக் கதவ ஒரு விரல் அளவு அசைக்கேலல்ல. அவன் தனி ஆள், வெறுங்கை, தலைக்கு மேல கூரை எரியுது. குடுமி முறியாம, உள்பக்கம் கருகாம, இதப் பிடுங்கி முதுகில போட்டுக்கொண்டு வந்தானாம்."

எனக்குத் தலைக்குள் ஏதோ திறந்தது. "அப்ப அவன் நெருப்புக்குள்ள இருந்து எடுக்கல்ல."

"நெருப்புக்கு முதலே எடுத்திட்டான். சனமெல்லாம் கோவில்ல. அண்டைக்கு மண்சுவர், தனி ஆளுக்கும் ஏலும். மேலே இருந்த மண்ணைப் பக்குவமாத் தட்டி இறக்கி, மேல்மரத்தத் தூக்கி, ஆறுதலா, அவசரமில்லாமக் கழட்டி வெளிய வச்சிட்டான். மறுகாதான் தீ. முன்பக்கத்த மட்டும் சூளால வாட்டி எடுத்திரிக்கான்."

"வீட்டையே கொளுத்துறவனுக்குக் கதவு எதுக்கு?"

"நீ கேக்கிற கேள்வியா இது? உன்ட றமீஸாட தாய்வழி வந்த ஒரு சாமான நீ எரிப்பியா?"

நான் ஸைனம்பு மாமியின் முகத்தை ஒருதரம் மனதில் கொண்டுவந்தேன். "ஊரைக் கொளுத்தச் சொன்னாலும் யோசிப்பன் ஐயா. அதத் தொட மாட்டன்."

"அவனும் நம்மட ஊர் ஆம்பிளைதானே."

வெளியே போடியார் கொடையாளிகளின் பெயர்களைச் சொல்லத் தொடங்கிவிட்டார். அது முடிந்தால் சாவிகள். "எல்லாம் சரி. நாம இதக் கண்டுபிடிச்சும் உள்ளதான கிடக்கம்? கண்ணகைட வீடு போகுதே!"

ஐயா எழும்பிக் கதவருகே போனார். பலகையில் வாயை வைத்து, பக்கத்து அறையில் இருக்கிறவளிடம் பேசுவதுபோல மெதுவாகச் சொன்னார்.

"அன்னப்பூரணி, எங்களுக்கு விளங்கிட்டுது புள்ள. இனித் திற."

உடனே வெளியே முளை உருவுகிற சத்தம் கேட்டது; சங்கிலி கழன்று விழுந்து கதவு திறந்தது.

அவள் எங்கேயும் போயிருக்கவில்லை. கதவுக்கு வெளியே படியில்தான் அவ்வளவு நேரமும் இருந்திருக்கிறாள். நான் கத்தியதையும், முழங்காலில் பட்டபோது சொன்ன வார்த்தையையும் கேட்டிருப்பாள். கண் சிவந்து வீங்கியிருந்தது.

"மன்னிச்சிடுங்க ஐயா. தண்ணி குடிச்சீங்களா?" என்றாள்.

"ஏன் புள்ள இப்படிச் செய்தாய்? வாயால சொல்லியிருக்கலாமே."

"என்ட வாயால எப்பிடி ஐயா சொல்ற? என்ட பிள்ளைட தகப்பன். நெருப்புக்குள்ள பாய்ஞ்சு அம்மாட கதவக் கொண்டு வந்த மனுசன் எண்டு நான்தான் ஊரெல்லாம் பெருமையாச் சொல்லித் திரிஞ்சவள்." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இந்த வீட்டுக்குக் கதவு மாட்டின அண்டைக்கு, ஆசாரியும் கையாள் ரெண்டு பேரும் விடியத் தொடங்கி உச்சி வெயில் வரைக்கும் மல்லுக்கட்டினாங்க. நான் சோறு ஆக்கிக் குடுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நிண்டன். சோறு எனக்கு இறங்கல்ல. அண்டையில இருந்து இந்த வீட்டுக்குள்ள மூச்சு விட ஏலாமக் கிடக்கு. சொன்னா அவரு போறாரு. சொல்லாட்டிக் கண்ணகை போறாள். நானும் அவளும் ஒரே குடி ஐயா. ஒரு துறையில தண்ணி அள்ளின ஆக்கள்."

"அதால கதவையே சொல்ல வச்சிட்டாய்."

"அதுக்கு வாய் இரிக்கோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியா. அது உங்கட கெட்டித்தனம் எண்டு விட்டிட்டன்."

சிறைப்பிடித்தவளை நான் கும்பிட வேண்டும்போல இருந்தது. அவளுக்கு அதற்கெல்லாம் நேரம் இல்லை. "ஓடுங்க ஐயா. சாவி குடுக்கப் போறாங்க" என்றாள்.

ஐயா கோட்டை மாட்டிக்கொண்டார். ஓடினோம். கோட்டில் என் பாதத்தின் அச்சோடும் கையில் முறிந்த குடையோடும் ஐயா பந்தலுக்குள் நுழைந்தபோது சனம் சிரித்தது. போடியாரின் கையில் ஒரு சாவி இருந்தது. அதை வாங்கக் கை நீட்டிக்கொண்டு நின்றவள் புஸ்பம், வினாயகமூர்த்தியின் தங்கை. வயது ஏறியும் வீடில்லாத குறையால் கலியாணம் தள்ளித் தள்ளிப் போன பெண். புதுச் சேலையில் கூச்சத்தோடு நின்றாள். அவளைக் கண்டதும் எனக்கு மிச்சமும் விளங்கிவிட்டது. விளங்கிய பிறகு அவன்மேல் முழுக் கோபமும் வரவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

"போடியார், ஒரு சின்ன ஆசை" என்றார் ஐயா. "நாளைக்குக் கோட்டில இவர்ர வீரத்தப் பத்திக் கேப்பாங்க. அத ஒருக்கா எங்களுக்கும் காட்டச் சொல்லுங்க. கதவு அங்கதான் கிடக்கு. நெருப்பு வேணாம். அலவாங்கும் நான் தாறன். கதவ மட்டும் பிடுங்கிக் காட்டட்டும்."

சனத்துக்கு இது நல்ல வேடிக்கையாகப் பட்டது. பந்தலே எழும்பிக் கதவுக்கு வந்தது. ஊர் அதிகாரி விதானையாரும் வந்தார். கண்ணகை தன் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசியில் வந்து நின்றாள்.

வினாயகமூர்த்தி சிரித்தபடிதான் கதவுக்கு முன்னால் வந்தான். "அண்டைக்கு அந்த வேகத்தில வந்த பலம் போடியார். இண்டைக்குக் கேட்டா வருமா?"

"பலம் வரலாம்" என்றார் ஐயா. "பலத்தோட பிடுங்கினா இந்தக் குடுமி முறிஞ்சிருக்கும். முறியல்லயே. மேல்மரத்த எடுத்தாத்தான் முறியாமக் கழலும். எரியிற கூரைக்குக் கீழ நிண்டு ஆறுதலா மண் தட்டி மேல்மரத்த எடுத்தீங்களா?"

போடியார் குனிந்து கீழ்க்குடுமியைத் தொட்டுப் பார்த்தார். கூட்டத்தில் ஒருவனும் வந்து பார்த்தான். முன்பக்கத்தையே தொட்டுத் தொட்டுப் போன கைகள் இப்போது உள்பக்கத்தைத் தடவின. வினாயகமூர்த்தி சுற்றிலும் பார்த்தான். பின்னால் சனம், பக்கத்தில் விதானையார், முன்னால் கதவு. கதவுக்குள்ளே அன்னப்பூரணி நின்றாள்.

அவன் ஐயாவுக்குப் பதில் சொல்லவில்லை. போடியாருக்கும் சொல்லவில்லை. அவளைப் பார்த்துத்தான் சொன்னான்.

"உன்ட அம்மாட கதவு எரியக் கூடாதெண்டுதான் புள்ள முதலே கழட்டி வச்சன்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே கேட்டது. வாய் திறந்தபடியே நின்றான். புஸ்பம் "அண்ணா" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள்.

"அப்ப மறியல்ல கிடக்கிற மனுசன்?" என்று கேட்டாள் கண்ணகை. கூட்டம் விலகி அவளுக்கு வழிவிட்டது. "என்ட மனுசன் சூளோட ஓடினதக் கண்டீங்களா?"

"இல்ல" என்றான். "தங்கச்சிக்கு ஒரு வீடு வேணும். வேற வழி எனக்குத் தெரியல்ல."

போடியார் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். சாம்பலைக் கண்ட பிறகுதான் சபைக்குக் கை விரிந்தது என்பது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். பிறகு தானே நடந்துபோய்க் கண்ணகையின் உள்ளங்கையில் சாவியை வைத்தார். "விதானையார், நாளைக்குக் கோட்டுக்கு நானும் வாறன்" என்றார். சால்வையைத் திருப்பி வாங்கவில்லை. அவன்தான் கழற்றிப் படியில் போட்டான்.

விதானையார் அவனுடைய தோளில் கை வைத்தார். "ஒரு வேட்டி மாத்திக்கொண்டு வாறன்" என்று அவன் உள்ளே கால் எடுத்து வைக்கப் போனான்.

அன்னப்பூரணி விலகவில்லை. ஒரு துணிமூட்டையைக் கையில் வைத்திருந்தாள். நாங்கள் பந்தலில் நின்ற நேரத்தில் கட்டியிருப்பாள். கலியாணத்துக்கு அவன் இந்தக் குடிக்கு வந்தபோதும் இப்படி ஒரு மூட்டையோடுதான் வந்திருப்பான். அதை அவனுடைய கையில் கொடுத்தாள். கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

அன்று பகல் எனக்கு மூச்சை அடைத்த அதே கதவு. இப்போது வெளியே நின்றபோதும் மூச்சை அடைத்தது.

முதிரைப் பலகை நல்ல தடிப்பு. ஆனாலும் அவள் அழுதது எங்களுக்குக் கேட்டது. சனம் மெல்லக் கலைந்தது. ஐயா என் கையைப் பிடித்து இழுத்தார். நான் அசையவில்லை.

கண்ணகை தன் புதுவீட்டுப் பக்கம் போகவில்லை. பிள்ளைகளைப் பூவரசுக்கு அனுப்பிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, அன்னப்பூரணி அவ்வளவு நேரமும் இருந்த அதே படியில் உட்கார்ந்தாள். கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

"நான் இஞ்ச இரிக்கன் புள்ள" என்றாள். "உனக்குத் திறக்க மனம் வாற நேரம் திற."